ஊற்றும் ஊற்றுக்கண்ணும்: மூலத்தைச் சுட்டும் சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

சொல் என்பது வெறும் ஒலிக்கூட்டம் அன்று. அது வழங்கும் மக்களின் வாழ்வையும், அவர்கள் நின்ற நிலத்தையும், அவர்கள் குடித்த நீரையும் தன்னுள் கொண்டது. இவ்வுண்மையை நான் நூலகத்தில் கற்றதைவிட ஊரூர் ஒல்காட் குப்பத்தின் மணலில் நின்று கற்றதே மிகுதி.

அடையாற்றின் முகத்துவாரத்திற்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் தோப்பிற்கும் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் இடையே அமைந்துள்ள மீனவர் ஊர் அது. 1882ஆம் ஆண்டில் தம் சபையின் தலைமையிடத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்த கர்னல் ஒல்காட்டின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. ஒருமுறை, கடற்கரைச் சொற்களைத் தொகுக்கும் பயிற்சிக்காக மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். 'சோர்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொற்களைக் கேட்டுவர வேண்டும் என்பது அன்றைய பாடங்களுள் ஒன்று. மாணவர் ஏட்டில் 'மூலம்', 'ஆதாரம்' என்ற இரண்டுமே ஏறியிருந்தன. மீன்கூடையருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், "ஆயா, தண்ணீர் முதன்முதலாகப் புறப்படும் இடத்தை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?" என்று ஒரு மாணவர் கேட்டார். அவர் மணலைக் காட்டி, "ஊத்துக்கண்ணுன்னு சொல்லுவோம் கண்ணு. முன்னெல்லாம் இங்கயே கையால தோண்டுவோம். ரெண்டு முழம் போனா கண்ணு தெறந்துக்கும். இப்போ அது மூடிப்போச்சு" என்றார்.

என்னுடன் வந்த மாணவருள் ஒருவர் கடலோர ஊரைச் சேர்ந்தவர். திரும்பும் வழியில் அவர் தயங்கித் தயங்கி ஒன்று கூறினார். அச்சொல் அவருக்கு முன்பே தெரியும். முதலாண்டுக் கட்டுரை ஒன்றில் 'ஊத்து' என்று எழுதியும் இருந்தார். அதனை அடித்து, மேலே 'மூலம்' என்று சிவப்பு மையால் திருத்தியது என் கைதான்! அன்று முதல் வீட்டுச் சொற்களை ஏட்டில் ஏற்றுவதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். அத்திருத்தம் பிழையானது என்பதை ஒப்புக்கொள்வதற்காகவும், அப்பிழையின் அளவு எத்தகையது என்பதை ஆராய்வதற்காகவுமே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஊத்து: கொச்சையா, வழக்கா?

முதலில் வடிவத்தைக் காண்போம். எழுத்து வழக்கில் 'ற்ற' என வருவது பேச்சு வழக்கில் 'த்த' என ஒலிப்பது பெருவழக்கு. காற்று காத்து ஆகிறது. சேற்று நிலம் சேத்து நிலம் ஆகிறது. ஆற்றங்கரை ஆத்தங்கரை ஆகிறது. இவற்றைப் போன்றே ஊற்று ஊத்து ஆயிற்று. ஆகவே மாணவர் எழுதியதில் திருத்தற்குரியது ஓர் எழுத்தின் வடிவமேயன்றிச் சொல் அன்று. 'ஊத்து' என்பதை 'ஊற்று' என்று திருத்தியிருந்தால் அது ஆசிரியர் பணி. 'மூலம்' என்று மாற்றியதனால், அவர்தம் தாயின் வாய்ச்சொல் தமிழே அன்று என்று நான் சொல்லாமற் சொல்லிவிட்டேன்.

மூலம் நல்ல சொல்லே. வேர் என்னும் பொருளுடைய வடசொல்லாகிய அது, பன்னூற்றாண்டுகளாகத் தமிழில் வழங்கி வருவது. மூலநூல், நதிமூலம், மூலிகை எனப் பல சொற்களைத் தந்தது. அதனை நீக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. அது வந்தமையால் ஊற்று வெளியேற வேண்டியதில்லை என்பதே கருத்து.

ஒரு வடிவம், இரு வேர்

'ஊறு' என்னும் வினையடிக்குச் சுரத்தல், கசிதல், சிறிது சிறிதாகப் பெருகுதல் என்பன பொருள்கள். மணலில் நீர் ஊறுகிறது. தாய்க்குப் பால் ஊறுகிறது. புளியைக் கண்டால் நாவில் நீர் ஊறுகிறது. உப்பு நீரிலே ஊறிய காய் ஊறுகாய் எனப்படுகிறது. பழக்கம் நெடுநாள் நிலைத்துவிட்டால் 'ஊறிப்போயிற்று' என்கிறோம். இவை அனைத்திலும் பொதுவாக நிற்பது ஒன்றுண்டு. புறத்தேயிருந்து ஒருவர் கொட்டாமல், உள்ளேயிருந்து தானே மெல்ல நிறைதல் என்பதே அது.

இவ்வினையடியின் ஈற்று வல்லினம் இரட்டித்தால் 'ஊற்று' ஆகும். மாறு மாற்று எனவும், ஏறு ஏற்று எனவும், தேறு தேற்று எனவும் தன்வினை பிறவினையாவது போல, ஊறு என்பதும் ஊற்று எனப் பிறவினையாகும். குடத்து நீரை ஊற்று என்னும் ஏவலில் நாம் காண்பது இதுவே. நீர் தானே சுரக்கும் இடத்திற்கும் 'ஊற்று' என்பதே பெயராயிற்று.

இனி, இதே வடிவில் வேறொரு சொல்லும் உண்டு. 'ஊன்று' என்பதன் மெல்லினம் வல்லினமாகத் திரிந்து 'ஊற்று' ஆகும். தோன்று என்பது தோற்றுவாய், தோற்றம் எனத் திரிதலும், கன்றும் ஆவும் சேர்ந்து கற்றா எனப் புணர்தலும் இதற்கு ஒப்பாகும். இந்த ஊற்றுக்குத் தாங்கல், துணை, ஊன்றுகோல் என்பன பொருள்கள்.

இங்கு மாணவர் விழிப்பாக இருத்தல் வேண்டும். 'ஊறு' என்னும் பெயருக்குத் தீங்கு, தொடுவுணர்வு என்னும் பொருள்களும் உள. அவை 'உறு' என்னும் வினை முதல் நீண்டு பிறந்தவை. படு என்பது பாடு எனவும், கெடு என்பது கேடு எனவும் நீளுதல் போன்றது இது. வடிவம் ஒன்றாயிருப்பதனால் வேரும் ஒன்றே என்று முடிவு கட்டுதல் கூடாது.

'ஊர்' என்பதையும் 'ஊறு' என்பதையும் குழப்புவோர் பலர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும் பழமொழியில் வருவது இடையின ரகரம்; நகர்தல் என்னும் பொருளது. ஊரார் உண்ணும் நீர்நிலைக்கு 'ஊருணி' என்று பெயர். அதுவும் இடையின ரகரமே. அதனை 'ஊறுணி' என்று எழுதும் பிழை விடைத்தாள்களில் ஆண்டுதோறும் காணப்படுகிறது. ஊரூர் என்னும் பெயரிலும் இரண்டு ரகரங்களும் இடையினமே. ஆகவே ஊற்று இருந்தமையால் ஊரூர் ஆயிற்று என்று கூற ஆசை எழுந்தாலும் இலக்கணம் அதற்கு இடந்தராது. ஆசைக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

குறளில் இச்சொல்

இவ்விரு ஊற்றுகளும் திருக்குறளில் இடம்பெற்றுள்ளன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. படர்மெலிந்திரங்கல் அதிகாரத்தின் முதற் குறளில் (1161) தலைவி தன் நோயை மறைக்க மறைக்க அது மிகுவதைக் கூறுகிறாள். இறைப்பவர்க்கு மேன்மேலும் சுரக்கும் ஊற்றுநீர் அங்கே உவமையாகிறது. கேள்வி அதிகாரத்திலோ (414, 415) வரும் ஊற்று, நீரோடு தொடர்புடையதன்று. கல்லாதவனாயினும் கற்றாரிடம் கேட்டறிந்தால், தளர்ச்சி வந்தபோது அக்கேள்வி ஊன்றுகோலாகும் என்றும், வழுக்கு நிலத்தில் நடப்பவர்க்குக் கைக்கோல் உதவுவது போல ஒழுக்கமுடையார் சொல் உதவும் என்றும் அக்குறள்கள் உணர்த்துகின்றன. முதற்குறளின் ஊற்றினை ஊன்று என்பதன் திரிபாகவே பரிமேலழகரும் கொள்வார். இரண்டையும் நீரூற்று என்று பொருள் கொண்டால் குறளின் கருத்தே கெட்டுவிடும்.

கல்வி அதிகாரத்தின் ஆறாம் குறள் (396) மணற்கேணியைப் பேசுகிறது. தோண்டிய அளவிற்கு மணற்கேணியில் நீர் ஊறுவது போல, கற்ற அளவிற்கு மாந்தர்க்கு அறிவு ஊறும் என்பது அதன் கருத்து. இதில் வள்ளுவர் பாறைக் கிணற்றையோ மலைச் சுனையையோ கூறாமல் மணற்கேணியைத் தேர்ந்தது நோக்கற்பாலது. பாறையை உடைக்கக் கருவியும் பொருளும் ஆள்வலியும் வேண்டும். மணலைத் தோண்டக் கை போதும். குப்பத்து முதியவர் கையால் தோண்டிய அதே கேணியே குறளின் கேணி. அவ்வாறாயின், கல்வி எவர்க்கும் எட்டும் என்னும் குறிப்பும் அவ்வுவமையிலே அடங்கியிருக்கிறது எனலாம்.

ஒப்புரவறிதல் அதிகாரத்தில் (215), உலகு விரும்பும் பேரறிவாளனின் செல்வம் ஊருணி நீர் நிறைந்தது போன்றது என்கிறார். மணற்கேணி ஒருவன் முயற்சியைக் காட்டுகிறது. ஊருணி அம்முயற்சியின் பயன் அனைவர்க்கும் ஆவதைக் காட்டுகிறது.

பழைய ஆங்கிலத்தில் மூலம்

ஆங்கிலத்தார் மூலத்திற்கு இன்று வழங்கும் 'சோர்ஸ்' என்பது அவர்தம் பழஞ்சொல் அன்று. எழுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தேறியது அது. அதற்கு முன்னர்ப் பழைய ஆங்கிலத்தில் 'ஏவெல்ம்' என்றொரு சொல் இருந்தது. 'ஏ' என்பது நீர். 'வெல்ம்' என்பது கொதித்தெழுதல், பொங்குதல். நீர் பொங்கும் இடம் என்பது முழுப்பொருள். இதனோடு உறவுடைய 'வெல்லா' என்பதும் முதலில் ஊற்றையே குறித்தது. அதுவே பின்னர்த் தோண்டப்பட்ட கிணற்றைக் குறிக்கும் 'வெல்' ஆயிற்று. ஜெர்மன் மொழியில் அலையைக் குறிக்கும் 'வெல்லே' என்பதும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. கண்ணீர் பெருகுவதைக் கூற ஆங்கிலத்தார் இன்றும் இச்சொல்லை வினையாக ஆள்வதில் அப்பழம்பொருள் எஞ்சியிருக்கிறது.

871 முதல் 899 வரை ஆண்ட ஆல்பிரட் மன்னர் இலத்தீன் நூல்கள் சிலவற்றைத் தம் மக்கள் மொழியில் ஆக்குவித்தார். அவருடைய பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்புகளில் ஏவெல்ம் என்பது வெறும் நீரூற்றை மட்டுமன்றி நன்மை அனைத்திற்கும் மூலமாவதையும் குறித்து வருகிறது. ஆயர் கடமை பற்றிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு முடிவில் ஒரு சிறு செய்யுள் உள்ளது. அறிவை நீராக உருவகித்து, இந்நீரோடைக்கு ஓட்டைக் குடத்தோடு வந்தவன் முதலில் அதனைச் செப்பனிட்டுக் கொள்ளட்டும், இல்லையேல் தெள்ளிய நீரைச் சிந்திவிடுவான் என்னும் கருத்தை அது கூறுகிறது. வள்ளுவர் ஊறும் நீரைக் கூறினார். அச்செய்யுள் முகக்கும் குடத்தைக் கூறியது. இரண்டையும் ஒருங்கே வைத்துக் கற்பித்தல் வகுப்பிற்குப் பெரும்பயன் தரும்.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஓங்கியது. குடிமக்களின் பழஞ்சொற்கள் பல கற்றோர் ஏட்டிலிருந்து மெல்ல மறைந்தன. ஏவெல்ம் என்பதும் அவற்றுள் ஒன்று. இன்று அது ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள யூயெல்ம் என்னும் சிற்றூரின் பெயரில் எஞ்சி நிற்கிறது. அங்கே ஊற்று இன்றும் உண்டு. ஊற்றைக் குறித்த பொதுச்சொல்தான் இல்லை. நம் கடற்கரையில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. சொல் இன்னும் முதியோர் வாயில் உள்ளது. ஊற்றுத்தான் மறைந்து வருகிறது. ஒன்று மறைந்தபின் மற்றது எத்துணைக் காலம் நிற்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கண்ணும் வாயும் தலையும்

குப்பத்து முதியவர் வெறுமனே ஊற்று என்னாமல் ஊற்றுக்கண் என்றார். நீர் புறப்படும் துளையைக் கண்ணாகக் காண்பது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அரபு மொழியில் 'ஐன்' என்னும் ஒரே சொல் கண்ணையும் நீரூற்றையும் குறிக்கும். பாரசீகத்தில் கண் 'சஷ்ம்' எனப்படும். ஊற்று 'சஷ்மா' எனப்படும். உருதுவில் மூக்குக்கண்ணாடிக்கும் சஷ்மா என்பதே பெயர் என்பதை நம் மாணவர் பலர் அறிவர். இம்மூன்று மொழிகளும் மூன்று வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சார்ந்தவை. எனினும் நிலத்தில் நீர் கசியும் சிறு துளையைக் கண்டபோது, மூன்று மக்களுக்கும் கண்ணீர் ததும்பும் கண்ணே நினைவிற்கு வந்தது.

அரபு இலக்கணத்தில் 'மஸ்தர்' என்றொரு கலைச்சொல் உண்டு. மூலம் என்றும், வினைப்பெயர் என்றும் அதற்குப் பொருள். அதன் அடிச்சொல், ஒட்டகங்கள் நீர்த்துறையில் நீர் பருகிவிட்டுப் புறப்படுதலைக் குறித்தது. நீர்த்துறைக்கு வந்து சேரும் இடம் 'மவ்ரித்' எனப்பட்டது. வினைப்பெயரிலிருந்து வினை பிறந்ததா, வினையிலிருந்து வினைப்பெயர் பிறந்ததா என்பது பற்றி அரபு இலக்கணிகளிடையே நெடிய வாதம் நடந்தது. வினைப்பெயரே மூலம் என்றனர் பஸ்ரா நகரத்தார். வினையே மூலம் என்றனர் கூஃபா நகரத்தார். எது மூலம் என்னும் கேள்வியே ஓர் இலக்கண மரபினை வளர்த்தது என்பது இதனாற் புலனாகும்.

தமிழர் நீரின் போக்கு முழுவதையும் உடலாகவே கண்டனர். ஊற்றுக்குக் கண் உண்டு. காவிரி புறப்படும் இடம் தலைக்காவிரி. முதற்பாசனம் பெறுவது தலைமடை. நீர் செல்லும் வழி வாய்க்கால். அப்பெயரில் வாயும் காலும் அமைந்துள்ளன. பாண்டிநாட்டு ஏரியாகிய கண்மாய் என்பதில் கண்ணும் வாயும் உள்ளன. கடலோடு கலக்கும் இடத்தில் முகம் வந்து முகத்துவாரம் ஆகிறது. 'தோற்றுவாய்' என்னும் சொல்லோ நூலின் தொடக்கத்திற்கும் பொருளின் மூலத்திற்கும் பொதுவாயிற்று. நீர்நிலையை உயிருள்ளதாகக் கருதியவர்கள் அதன் கண்ணைக் குத்தத் துணியமாட்டார்கள்.

மணற்கேணியின் இயல்பு

கடலிலிருந்து சில அடி தொலைவில் தோண்டிய குழியில் நன்னீர் எவ்வாறு ஊறுகிறது? இதற்கு அறிவியல் தரும் விடை எளிது. மழைநீர் மணலில் இறங்கித் தேங்குகிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு மிகுதி. ஆகவே இலேசான நன்னீர், கனத்த உப்புநீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு நாட்டவரான கைபனும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த விதி இது.

இவ்விதியின் மறுபக்கம் அச்சந்தருவது. மேல்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், நாளடைவில் கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் அளவிற்கு மேலேறக்கூடும். கையால் தோண்டி, ஊறிய அளவே முகப்பவரால் இம்மட்டம் குலைவதில்லை. ஆழ்துளையிட்டு மின்விசையால் இறைக்கும்போது குலைகிறது. இறைத்த கிணறு ஊறும் என்னும் பழமொழி உண்மையே. ஆயினும் ஊறுவதற்கு நேரம் தந்து இறைத்தவர்கள் கூறிய பழமொழி அது என்பதை மறத்தல் கூடாது.

தனுஷ்கோடியில் இன்றும் கடலருகே ஆழமில்லாக் குழிகளில் நன்னீர் முகக்கின்றனர். இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட ஊர்களில் மணலில் ஊற்றுத் தோண்டிக் காத்திருந்து குடம் நிறைப்பது பெண்களின் அன்றாட உழைப்பு. யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீரூற்று உள்ளது. திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் வெந்நீரூற்றுகள் ஏழு உள்ளன. ஆகவே இச்சொல் தமிழ் வழங்கும் கடற்கரை நெடுகிலும் உயிரோடு இருப்பது.

சென்னையிலோ 1987ஆம் ஆண்டில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 2003ஆம் ஆண்டில் தமிழகம் முழுவதும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலோரக் குப்பங்களைத் தாக்கியது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் இயங்கத் தொடங்கின. இவ்வளவிற்குப் பின்னும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு மக்கள் குடங்களோடு தெருவில் நின்றனர். மழை பெய்யும் மண்ணை மூடிவிட்டு நீர் எங்கே என்று தேடுதல், கண்ணை மூடிக்கொண்டு வழி தேடுதல் போன்றதே.

அடையாற்றின் தோற்றுவாய்

ஊரூர்க் குப்பம் ஆற்றின் முடிவில் உள்ளது. அம்முடிவில் நின்று தொடக்கத்தை நோக்கினால் மற்றுமொரு செய்தி விளங்கும். அடையாறு எந்த மலையிலும் பிறக்கவில்லை. சென்னைக்கு மேற்கே ஆதனூர், மலைப்பட்டு முதலிய பகுதிகளின் ஏரிகள் நிறைந்து வழியும் மிகைநீரே அதற்கு மூலம். ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி அது கடலை அடைகிறது. அதாவது, ஏரி வெட்டிக் கரை கட்டிக் கலங்கல் அமைத்த உழவர்களின் உழைப்பும் அவ்வாற்றின் மூலத்தில் கலந்துள்ளது. அவ்வேரிகளையும் அவற்றை இணைக்கும் கால்வாய்களையும் பேணாவிடில், மூலத்தில் நிகழ்ந்த பிழை முகத்துவாரத்தில் வெள்ளமாக வந்து நிற்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தில், செம்பரம்பாக்கம் ஏரியின் நீரும் சேர்ந்து அடையாற்றின் இருகரைகளையும் மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை.

முதல்நூலும் மூலப்படியும்

நீருக்குப் போலவே நூலுக்கும் ஊற்றுக்கண் உண்டு. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூலை மூன்றாகப் பகுக்கும் நன்னூல். வழிநூலும் சார்புநூலும் இழிந்தவை அல்ல. ஆயினும் அவை எதன் வழி, எதன் சார்பு என்று அறியாது கற்றல், குழாய்நீரை மட்டுமே கண்டு ஆற்றைக் காணாதவன் அறிவை ஒக்கும். தேர்வுக்கு முந்தின வாரம் கடையில் வாங்கும் உரைக்குறிப்பைப் படித்து, அதில் உள்ள அச்சுப்பிழையோடே மேற்கோள் எழுதும் மாணவர் இன்றும் உளர். அவர்களைக் கடிந்து பயனில்லை. மூலநூலைக் கையில் எடுக்கும் ஆவலை ஊட்டாத நம்மையே நாம் கடிந்துகொள்ள வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் பல நூல்கள் கற்றுத் தேர்ந்தபின் 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். பழைய நூல்களை, சிறப்பாகச் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வியே அவரை ஏடு தேடும் பணிக்குத் திருப்பியது. 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என அந்த ஊற்று பெருகியது. அவர் பெயரால் 1943இல் தோன்றிய நூல்நிலையம் பெசன்ட் நகரில் உள்ளது. ஒல்காட் 1886இல் நிறுவிய அடையாறு நூலகமும் அருகிலேயே உள்ளது. இரண்டும் ஊரூர்க் குப்பத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவே.

அவர்களுக்கு முன்னரே, 1842ஆம் ஆண்டில், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பதிப்பித்து வெளியிட்டவர் காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். அவர் அச்சேற்றியிராவிடில் இன்று அக்காப்பியத்தின் நயம் பேசுவோர் கையில் என்ன இருந்திருக்கும்? மூலத்தைத் தேடிக் காத்தவரின் உழைப்பின்மேல் நின்றுதான் நாம் மூலத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆனால் ஏடு மட்டுமே மூலம் என்று எண்ணுதலும் ஒரு குறையே. காற்றின் திசையையும் நீரோட்டத்தின் குணத்தையும் பிரித்தறியக் கடலோரத்தார் வழங்கும் சொற்கள் பல, எந்த ஏட்டிலும் ஏறாதவை. அவற்றுக்கு முதல்நூல், கடலுக்குச் சென்று மீளும் மனிதரே. அவர் மறைந்தால் அப்படி ஒரு படி வேறெங்கும் கிடையாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ஊற்று என்பது ஊறு, ஊன்று என்னும் இருவேறு வேர்களினின்று பிறந்து ஒரே வடிவில் நிற்கும் சொல் என்பதும், குறளில் இரு பொருளிலும் பயில்வது என்பதும், ஊற்றைக் கண்ணாகக் காணும் வழக்கு தமிழிலும் அரபியிலும் பாரசீகத்திலும் ஒத்திருப்பது என்பதும், பழைய ஆங்கிலத்து ஏவெல்ம் பொதுவழக்கிலிருந்து மறைந்த வரலாறு நமக்கு எச்சரிக்கையாவது என்பதும் பெறப்பட்டன.

வேரால் வேறுபட்ட அவ்விரண்டு ஊற்றுகளையும் வாழ்க்கையில் ஒன்றாகவே காண்கிறேன். சுரந்து தருவதும், தளர்ந்தபோது தாங்குவதும் ஒருவர்க்கு அவர்தம் தாய்மொழியே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் வீட்டுச் சொல்லைச் சிவப்பு மையால் அடிக்குமுன் அகராதியையும் இலக்கியத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனார், பாட்டியார் வாயிலிருந்து வாரம் ஒரு சொல்லையேனும் ஏட்டில் எழுதி, சொன்னவர் ஊரும் தொழிலும் குறித்து வையுங்கள். ஊர்ப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலானாலும் கோயிலானாலும் வீடானாலும், முற்றத்தில் ஒரு பகுதியையாவது சிமெண்டு பூசாமல் விட்டு மழையை மண்ணுக்குள் இறங்கவிடுங்கள்.

நான் திருத்திய கட்டுரையை அம்மாணவர் இன்னும் வைத்திருந்தார். கேட்டு வாங்கி, 'மூலம்' என்று நான் எழுதியதன் கீழே 'ஊற்று' என்று எழுதி, நாளிட்டுக் கையொப்பமிட்டுத் தந்தேன். மறுவாரம் அவர் கொணர்ந்த ஏட்டில் அறுபத்தேழு சொற்கள் இருந்தன. அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவற்றின் பொருள் எனக்குத் தெரியாது. அவற்றை அவரிடமே கேட்டுக் கற்று வருகிறேன்.